ஸாங்கீஃபும் அந்த இரண்டடி இடைவெளியும்

கேள்வி சுருக்கமாக இது: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் ஸாங்கீஃப் என்ற மல்யுத்த கேரக்டரை ஆடும்போது தொலைவில் நின்றால் பெரிய சிக்கல் இல்லை, தடுத்துத் தடுத்து முன்னே வந்துவிடலாம். ஒட்டி நின்றாலும் சிக்கல் இல்லை, எஸ்பிடி, அதாவது ஆளைப் பிடித்துச் சுழற்றித் தரையில் இறக்கும் ஸ்க்ரூ பைல்டிரைவர், விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, எதிராளியின் கால் நம்மைத் தொடும், நம் கை அவரைத் தொடாது என்ற அந்த இடத்தில்தான் பாதி உயிர் போகிறது. அங்கிருந்து எப்படித் தாக்குவது?

பதிலுக்கு முன் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். நடு தூரத்தில் சேதம் செய்ய வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலான ஸாங்கீஃப்களைக் கவிழ்க்கிறது. அங்கே நமக்கு உள்ள வேலை, எதிராளியைப் பட்டன் அழுத்தத் தயங்க வைப்பது. தயங்கியவர் பின்னால் நடப்பார். பின்னால் நடந்தவர் கார்னரில், அதாவது திரையின் ஓரச் சுவரில், முட்டுவார். முட்டியவர் குதிப்பார், அல்லது கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்து தடுப்பார். எஸ்பிடி இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதை முதல் கண்ணியாகப் போட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதைதான்: காற்றைப் பிடித்துச் சுற்றும் ஸாங்கீஃப், தலைக்கு மேலே குதித்து வரும் எதிராளி, முழு காம்போ (தொடர் அடி).

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். எஸ்பிடி ஐந்தாவது பிரேமில் பிடிக்கிறது. பிரேம் என்பது திரையில் தோன்றும் ஒரு படம், இந்த கேமில் நொடிக்கு 60 பிரேம். பிடி தவறினால் ஏறக்குறைய ஒரு நொடி நாம் சிலை. பிடித்தால், 10000 உயிர் உள்ள எதிராளிக்குக் கால் பங்கு காலி. பஞ்சும் கிக்கும் லைட், மீடியம், ஹெவி என மூன்று பலத்தில் வரும்; ஒரு குனிந்த மீடியம் கிக் வெறுமனே பட்டால் ஏறக்குறைய 500 போகும். நமக்கு உயிர் 11000. அதாவது இரண்டு மூன்று உதை வாங்கிக்கொண்டு ஒரு பிடி போட்டாலும் லாபம் நம் பக்கம். அவசரப்பட வேண்டிய ஆள் அவர்தான். இந்த ஒன்று மனதில் படியாதவரை கீழே சொல்லும் எதுவும் வேலை செய்யாது.

மூன்று கோடுகளைக் கண் பழக வேண்டும். முதல் கோடு, எதிராளியின் குனிந்த மீடியம் கிக் முடியும் இடம். இது ஒவ்வொரு கேரக்டருக்கும் மாறும். இரண்டாவது, நம் லைட் எஸ்பிடி எட்டும் இடம். மூன்றாவது, ஹெவி எஸ்பிடி எட்டும் இடம். லைட் பஞ்சில் போடும் எஸ்பிடிக்கு எட்டும் தூரம் அதிகம், சேதம் குறைவு, ஹெவியில் எட்டும் தூரம் குறைவு, சேதம் அதிகம், மீடியம் நடுவே. புதிதாக ஆடுபவர்கள் சேதத்தைப் பார்த்து ஹெவிக்கே கையைப் பழக்கிவிடுகிறார்கள். நடு தூரத்திலிருந்து உள்ளே போய்ப் போடும் பிடி எல்லாமே லைட்டாக இருக்கட்டும். ஹெவியை, எதிராளி பெரிய மூவைத் தவறவிட்டு நம் மூக்கை ஒட்டி நிற்கும்போதும், ஒட்டி நின்று தடுக்க வைத்த பிறகும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்னப் பட்டைதான் நடு தூரம். அதற்குள் நிற்பது ஆபத்து. அதன் வெளி விளிம்பில், அவர் கால் முடியும் இடத்துக்கு ஒரு விரல் வெளியே நிற்பதுதான் நம் வீடு. அங்கே நின்றால் அவர் உதைப்பது காற்றில் போகும். நாம் ஒரு எட்டு வைத்தால் பிடி தூரம்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. எதிராளி காலை நீட்டுகிறார், கால் நம் முகத்துக்கு முன்னால் இருக்கிறது, எஸ்பிடி போடுகிறோம், பிடிக்கவில்லை. 'கேம் ஏமாற்றுகிறது' என்று கத்தத் தோன்றும். ஏமாற்றவில்லை. அடிகளுக்கு நீட்டிய கை கால் எல்லாம் இலக்கு. பிடிகளுக்கு உடம்பைச் சுற்றியுள்ள பெட்டி மட்டுமே இலக்கு. கபடியில் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் ஆளைக் கார்னர்காரர் கணுக்காலைப் பிடித்தே கவிழ்த்துவிடுவார். ஸாங்கீஃபுக்கு அந்த வசதி இல்லை, அவருக்கு இடுப்பு கிடைக்க வேண்டும். அதனால் நீட்டிய காலுக்குப் பதில் அடி, உள்ளே வந்த உடம்புக்குப் பதில் பிடி என்று இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். தவறிய உதையை எஸ்பிடியால் தண்டிக்க நினைத்தால், அந்த உதை தொடங்கும்போதே நாம் நடந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து போட்டால் பெரும்பாலும் அரை அடி குறையும்.

அடுத்தது நடை. ஸாங்கீஃப் மெதுவாக நடப்பவர், ஆனால் நடு தூரத்தில் அவரிடம் உள்ள சிறந்த மூவ் நடைதான். செய்ய வேண்டியது: முன்னால் நாலைந்து பிரேம் தட்டு, உடனே கீழ்-பின் (குனிந்து தடுப்பது). மறுபடி தட்டு, கீழ்-பின். ஒரே தாளத்தில் செய்யக் கூடாது. இரண்டு தட்டு, ஒரு நீண்ட இடைவெளி, ஒரு தட்டு, பின்னால் அரை எட்டு, மறுபடி முன். கீழ்-பின் எதற்கு என்றால் அந்த தூரத்தில் நம்மைக் கொல்லும் அடிகளில் முக்கால்வாசி கீழே வருபவை. ரியூ, கென் ஆடுபவர்கள் குனிந்த மீடியம் கிக்கை அழுத்திவிட்டு அதன் பின்னாலேயே டிரைவ் ரஷ்ஷையும், அதாவது வேகமாக முன்னே பாயும் ஓட்டத்தையும், தட்டி வைத்திருப்பார்கள். கால் பட்டால் ரஷ் வெளியே வரும், படாவிட்டால் வராது. நின்றபடி வாங்கினால் பெரிய காம்போ. குனிந்து தடுத்திருந்தால்? அந்த ரஷ்ஷுக்கு அவர் டிரைவ் மீட்டர் என்ற எரிபொருள் அளவியின் ஆறு பாரில் மூன்றைக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை நீங்கள் ஒழுங்காகத் தடுத்தால் அவருடைய டிரைவ் மீட்டர் எங்கே இருக்கும் என்று பாருங்கள்.

பார் பற்றி இன்னொன்று. நீங்கள் தடுக்கும்போதும் உங்கள் மீட்டர் தேய்கிறது. அதனால் தொலைவிலேயே அதைச் செலவழித்துவிட்டு நடு தூரத்துக்கு வராதீர்கள். குறைந்தது மூன்று பாராவது கையில் இருக்கும்போதுதான் அந்த விளிம்பில் நின்று விளையாட முடியும். பர்ன்அவுட் ஆன, அதாவது டிரைவ் மீட்டர் முழுதும் காலியான, ஸாங்கீஃப் நடு தூரத்தில் நிற்பது தற்கொலை. பின்னால் போய் உட்கார்ந்து மீட்டர் நிறையும்வரை பொறுத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி பட்டன்கள். நடு தூரத்தில் மூன்று விதமான அடி போதும். நின்று அடிக்கும் மீடியம் ஒன்று, எதிராளி கால் வைக்கப் போகும் காற்றில் முன்கூட்டியே போட்டு வைக்க. குனிந்து அடிக்கும் மீடியம் அல்லது லைட் ஒன்று, பின்னால் நடந்துகொண்டே இருப்பவரை நிறுத்த. பின்னால் நடப்பவர் நின்றபடிதான் தடுக்கிறார், கீழ் அடி படும். மூன்றாவது ஸ்வீப், அதாவது குனிந்த ஹெவி கிக். அவருடைய அடி தவறிப் போன நேரத்தில் இது பட்டால் பனிஷ் கவுண்டர் (தவறுக்கான கூடுதல் தண்டனை) ஆகி, அவரால் சட்டென எழ முடியாத வீழ்த்தல் கிடைக்கும். நாம் நடந்து போய் அவர் தலைமாட்டில் நிற்க நேரம் உண்டு. தடுக்கப்பட்டால் அடி வாங்குவோம். ஆகவே ஸ்வீப்பைத் தூண்டிலாகப் போடக் கூடாது. மீன் சிக்கியது கண்ணில் பட்ட பிறகுதான்.

ஹெவி பஞ்ச், ஹெவி கிக்கை நடு தூரத்தில் கைபோன போக்கில் விசிறுவதுதான் ஸாங்கீஃப் ஆடுபவர்களின் பொதுவான நோய். பெரிய உடம்பு, பெரிய கை, பெரிய சத்தம். ஆனால் நீண்ட ரிக்கவரி, அதாவது அடித்த பின் மீளும் நேரம். எதிராளி அதற்கு டிரைவ் இம்பாக்ட் என்ற கவச அடியைப் போட்டால், 26 பிரேம் ஸ்டார்ட்அப்பில் (தொடங்கும் நேரத்தில்) இரண்டு அடியைத் தாங்கிக்கொண்டு நம்மை மோதும். நம் கை இன்னும் காற்றில் இருக்கும். லைட், மீடியம் அடித்திருந்தால் இம்பாக்டைப் பார்த்துப் பதில் சொல்ல நேரம் இருந்திருக்கும்.

தவறிய அடியைப் பார்த்துத் தண்டிப்பது எவ்வளவு சாத்தியம்? நேர்மையாகச் சொன்னால், பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு குனிந்த மீடியம் கிக் தொடங்கி முடிய மொத்தமே அரை நொடிதான். கண் பார்த்து விரல் அசைய கால் நொடி போய்விடும். மிச்சம் உள்ள நேரத்தில் நம் அடியும் தொடங்கிப் போய்ப் பட வேண்டும். அதனால் மெதுவான ஸ்வீப்பையும் ஹெவி அடிகளையும் மட்டும் கண்ணால் பார்த்துத் தண்டியுங்கள். வேகமானவற்றுக்குத் தாளத்தைப் படிக்க வேண்டும். நாம் ஒரு எட்டு முன்னே வைத்ததும் உடனே உதைக்கிறாரா? அப்படியென்றால் அடுத்த முறை எட்டு வைத்துவிட்டு அரை எட்டு பின்வாங்கி அடியுங்கள். நம் நடைக்குத்தான் அவர் உதைக்கிறார். உதைக்க வைப்பது நம் கையில் இருக்கிறது.

டிரைவ் ரஷ் இந்த கேமில் ஸாங்கீஃபுக்குக் கிடைத்த வரம். பாரியிலிருந்து (அடியை உள்வாங்கும் தற்காப்பு) போட்டால் ஒரு பார்தான் செலவு. ரஷ்ஷில் வந்து அடிக்கும் சாதாரண அடிக்கு, பட்டாலும் தடுத்தாலும், 4 பிரேம் கூடுதல் சாதகம். தடுத்தால் ஒரு பிரேம் பாதகமாகும் மீடியம் அடி, ரஷ்ஷில் வந்தால் 3 பிரேம் சாதகம். அந்த 3 நமக்கு என்ன தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் எஸ்பிடி ஐந்தாவது பிரேமில் பிடிக்கிறது. அவர் மூன்று பிரேம் கழித்துத்தான் விடுபடுகிறார். கேமின் வேகமான லைட் அடி 4 பிரேம், ஆக அவர் கை நம்மைத் தொடுவது ஏழாவதில். பட்டனைத் தட்டுபவர் சுழற்றப்படுவார். அமைதியாகத் தடுத்துக்கொண்டிருப்பவரும் சுழற்றப்படுவார், எஸ்பிடி போன்ற கமாண்ட் த்ரோவைத் தடுக்க முடியாது, டெக்கும் செய்ய (பிடியை உதற) முடியாது.

தப்பிக்க அவருக்கு உள்ள முக்கிய வழி குதிப்பது. தரையை விட்டுக் கிளம்பும் 4 பிரேமில் பிடி ஒட்டாது. இன்னொரு வழி, இரண்டு பார் செலவழித்துப் போடும் ஓடி (OD, ஓவர்டிரைவ்) ரிவர்சல், அதாவது நம் தாக்குதலை ஊடுருவி வரும் எதிரடி. குதிப்பவருக்கு மருந்து இன்னொரு மீடியம் அடி: அவர் கிளம்பும்போதே அது படும். ரிவர்சல்காரருக்கு மருந்து சும்மா தடுத்து நிற்பது. ஆக ரஷ் மீடியம் தடுக்கப்பட்ட பிறகு நம்மிடம் மூன்று பாதை: பிடி, அடி, பொறுமை. முதல் ரவுண்டில் பிடியைவிட அடியை அதிகம் காட்டுங்கள். அடி வாங்கியவர் குதிப்பதை நிறுத்துவார். குதிப்பதை நிறுத்தியவரைத்தான் பிடிக்க முடியும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் 'எல்லோரும் குதித்துக்கொண்டே இருக்கிறார்கள்' என்று புலம்புவது.

ரஷ்ஷில் அடியே இல்லாமல் நேராக எஸ்பிடி போடுவதும் உண்டு. பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம்; பச்சை ஒளியைப் பார்த்ததும் லைட் அடியைத் தட்டும் ஆளிடம் சுத்தமாக வேண்டாம். ரஷ் தோற்பது பெரும்பாலும் தூரத்தால்தான். திரையின் மறு பாதியிலிருந்து கிளம்பினால் எதிராளிக்குப் பார்க்க நேரம் கிடைக்கிறது. மேலே சொன்ன விளிம்பிலிருந்து, அவர் ஒரு அடியைத் தவறவிட்ட அந்தக் கணத்தில் கிளம்பினால் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாது.

பாரி பற்றி. நம் ரஷ்ஷுக்கும் மீடியம் அடிகளுக்கும் பயந்து எதிராளி பாரியை அழுத்திப் பிடிக்கத் தொடங்குவார். இந்தப் பாரியும் வள்ளல்தான்; பாரியில் இருக்கும்போது பிடிபட்டால் அது பனிஷ் கவுண்டர், சேதம் இன்னும் கூடும். எதிராளியின் உடம்பு நீலமாக ஒளிர்வதைக் கண்டால் விரல் தானாகச் சுற்ற வேண்டும். அதேபோல இம்பாக்ட்: கவசம் அடியைத் தாங்கும், பிடியைத் தாங்காது. எஸ்பிடி எட்டும் தூரத்தில் யாராவது இம்பாக்ட் போட்டால் அது நமக்குப் பரிசு. பதிலுக்கு நாமும் இம்பாக்ட் போடுவது மற்ற கேரக்டர்களின் வழி; ஸாங்கீஃப் பக்கத்தில் இருந்தால் சுற்றலாம். எட்டாத தூரம் என்றால் பதில் இம்பாக்டே பத்திரம்.

நம்முடைய இம்பாக்ட் எப்போது? குனிந்த மீடியம் கிக், உடனே ஃபயர்பால் என்று இரட்டையாகவே அழுத்தும் பழக்கம் உள்ளவருக்கு. முதல் அடியைத் தாங்கி, ஃபயர்பாலுக்கான கையசைவிலேயே மோதும். முக்கியமாக எதிராளியின் முதுகுக்குப் பின்னால் சுவர் கிட்டத்தில் இருக்க வேண்டும். அப்போது தடுத்தாலும் சுவரில் மோதித் துவளுவார். திரை நடுவில் தடுக்கப்பட்ட இம்பாக்டால் நமக்குப் பெரிய பயன் இல்லை, ஒரு பார் நஷ்டம்.

குதிப்பவர்கள். நடு தூரத்தில் நாம் சரியாக நிற்கிறோம் என்பதற்கு அடையாளமே எதிராளி நின்ற இடத்தில் நேராகக் குதிக்கத் தொடங்குவதுதான். அதைப் பார்த்து எரிச்சல் வேண்டாம். நேராகக் குதித்தவர் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. நாம் இரண்டு எட்டு நடந்துவிடலாம். தலைக்கு மேலே வந்தால் டபுள் லாரியட் (கைகளை விரித்துச் சுழலும் அடி) இருக்கிறது. சூப்பர் மீட்டர் (பெரிய மூவுகளுக்கான தனி மீட்டர்) ஒன்று இருந்தால் லெவல் 1, ஏரியல் ரஷ்யன் ஸ்லாம், பறக்கும் ஆளைப் பிடித்து இறக்கவே உள்ளது. பின்னால் குதித்துக்கொண்டே போகும் ஆளைத் துரத்த வேண்டாம். அவர் தானாகவே கார்னருக்குப் போகிறார், வண்டிச் செலவு அவருடையது.

நாம் குதிப்பது? நடு தூரத்திலிருந்து ஸாங்கீஃப் குதிப்பது கிட்டத்தட்ட எப்போதும் தப்பு. ஃபயர்பாலை முன்கூட்டியே ஊகித்த ஒரு சந்தர்ப்பம் தவிர. அதிலும், கையிலிருந்து பந்து கிளம்பியதைப் பார்த்துக் குதித்தால் தாமதம்தான். கைல் சோனிக் பூம் என்ற தன் ஃபயர்பாலை விட்டதும் சட்டென நிமிர்ந்து நிற்கக்கூடியவர், அவர் மேல் குதிக்கவே வேண்டாம். நடந்து தடுங்கள், பாரி செய்யுங்கள், மறுபடி நடங்கள். பாரியில் வாங்கும் ஒவ்வொரு பூமும் நம் டிரைவ் மீட்டரைக் கொஞ்சம் நிரப்புகிறது. லாரியட் ஃபயர்பாலைக் கடந்து போகும் என்பது 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்திலிருந்தே உள்ள சலுகை. ஆனால் அது முடிந்த பிறகு நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். எதிராளி சுதாரித்து நிற்க, நாம் சுழன்று முடிக்க, அவர் கால் எட்டும் தூரத்தில் போய் நின்றால் அதைவிட தடுத்ததே மேல்.

ஓடிப்போய்ப் பிடிக்கும் சைபீரியன் எக்ஸ்பிரஸ் பற்றியும் கேட்பார்கள். நடு தூரத்தில் உறைந்துபோய் தடுத்துக்கொண்டே நிற்பவரை அது பிடிக்கும். உறையாதவர் அடித்து நிறுத்துவார். ஆக, நடையாலும் மீடியம் அடியாலும் ஒருவரை உறைய வைத்த பிறகு, ரவுண்டுக்கு ஒரு முறை. தொடக்கத்திலேயே போட்டுக் காட்டிவிட்டால் பிறகு அது வெறும் ஓட்டம்.

கார்னரில் எதிராளி முட்டிய பிறகு நடு தூரத்தின் அர்த்தமே மாறுகிறது. வெளியே அவருக்குப் பின்வாங்கும் கதவு இருந்தது, இங்கே இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை, உடனே ஒட்டிக்கொள்வது. ஒட்டினால் அவர் பிடிப்பார், தலைக்கு மேல் குதித்து வெளியே வருவார், பக்கம் மாறிவிடும். ஒரு நிமிடம் உழைத்துத் தள்ளிய தூரம் ஒரு கணத்தில் போகும். அதற்குப் பதில் அதே விளிம்பில், அவர் கால் முடியும் இடத்துக்குச் சற்று வெளியே நின்றுகொண்டு, குதித்தால் லாரியட், உதைத்தால் ஸ்வீப், ஒன்றும் செய்யாவிட்டால் ரஷ் மீடியம் என்று நிதானமாக இருங்கள். இம்பாக்ட் போடுவதற்கு அவருக்கு ஆசை அதிகமாகும் இடமும் இதுதான், அதை எதிர்பார்த்தே நில்லுங்கள். அவர் பர்ன்அவுட் ஆகிவிட்டால் பாரி இல்லை, இம்பாக்ட் இல்லை, ஓடி ரிவர்சலும் இல்லை. தடுத்த அடிகூட கொஞ்சம் உயிரைத் தின்னும். சூப்பர் மீட்டர் இல்லாவிட்டால் குதிப்பு ஒன்றுதான் மிச்சம். இவ்வளவு எளிமையான ஊகம் இந்த கேமில் வேறு எங்கும் கிடைக்காது.

விரல் வேலைக்கு வருவோம். எஸ்பிடிக்கு முழு வட்டம் என்று பட்டியலில் போட்டிருக்கும். முக்கால் வட்டம் போதும். முன், கீழ், பின், மேல் என நான்கு திசையையும் வரிசையாகத் தொட்டுவிட்டுப் பஞ்ச் அழுத்தினால் வரும். நின்றபடி போடும்போது மேல் திசை குதிப்பாக மாறிவிடுமே என்ற பயம் நியாயமானது. தரையை விட்டுக் கிளம்ப 4 பிரேம் ஆகும். அதற்குள் பஞ்ச் விழுந்தால் எஸ்பிடி, விழாவிட்டால் குதிப்பு. நடு தூரத்துக்கு இதில் ஒரு சலுகை: நாம் முன்னால் நடந்துகொண்டுதானே இருக்கிறோம், அந்த முன் திசையே முதல் திசை. நடையிலிருந்து கையை அப்படியே கீழே இறக்கி, பின்னால் கொண்டுபோய், மேல் நோக்கித் தட்டும்போது லைட் பஞ்ச். எதிராளி கண்ணுக்கு நீங்கள் நடந்து வந்து குனிந்து தடுக்கப் போவதுபோலத்தான் தெரியும், ஏனென்றால் அதுவரை அதைத்தானே இருபது முறை செய்தீர்கள்.

மேலும் இரண்டு இடங்களில் வட்டத்தை ஒளிக்கலாம். ஒன்று, நாம் அடித்த லைட் அடி முடிவதற்குள். அந்த நேரத்தில் நாம் குதிக்க முடியாது என்பதால் மேல் திசை பயமில்லாமல் தொடலாம். இன்னொன்று, முன் டாஷ் ஓடிக்கொண்டிருக்கும்போது. மாடர்ன் கண்ட்ரோலில் (எளிதாக்கிய பட்டன் முறை) எஸ்பிடி ஒரே பட்டனில் வரும், ஆனால் அப்படி எடுக்கும் மூவுக்குச் சேதம் 20 சதவீதம் குறையும். முழு வட்டம் கையில் வராததால் ஸாங்கீஃபையே விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். கிளாசிக்தான் கௌரவம் என்று சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

எதிராளியைப் பொறுத்துச் சில மாற்றங்கள். கென், லூக் போன்ற தரைச்சண்டைக்காரர்களிடம் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். தால்சிமிடம் விளிம்பு என்பதே இல்லை, அவர் கை திரையின் பாதி வரை நீளும். நீண்ட கையை மீடியம் அடியால் அடிக்கலாம், பிடிக்க நினைக்க வேண்டாம். தொலைவிலிருந்தே தாக்கும் ஜேபியிடம் நடு தூரத்தை அடைவதே பாதி வெற்றி, அடைந்த பிறகு ஒரு எட்டுகூடப் பின்வாங்காதீர்கள், மறுபடி வர முப்பது நொடி ஆகும். மரிசாவிடம் எதிர்மாறு: அவருடைய அடிகள் பெரியவை, மெதுவானவை, தவறினால் கண்ணால் பார்த்துத் தண்டிக்க முடிகிறவை. கொஞ்சம் பின்னால் நின்று அவரை விசிற விடுங்கள்.

பயிற்சிக்கு டிரெய்னிங் மோடில் அரை மணி நேரம் போதும். கட்டம் போட்ட அந்தப் பயிற்சி அறையையே தேர்ந்தெடுங்கள், தரைக் கோடுகள் அளவுகோலாக உதவும். ரியூவை நிறுத்தி, ஒட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி லைட் எஸ்பிடி போட்டு, எங்கே பிடி விட்டுப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரியூவின் குனிந்த மீடியம் கிக்கைப் பதிவு செய்து ஓட விட்டு, அது எங்கே தொடாமல் போகிறது என்று பாருங்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே நடந்து பழகுங்கள், பத்து நிமிடம் வேறெதுவும் செய்யாமல்.

அடுத்து மூன்று பதிவு வையுங்கள்: குனிந்த மீடியம் கிக், பின்னால் நடந்து தடுப்பது, நேராகக் குதிப்பது. மூன்றையும் மாற்றி மாற்றி வரும்படி ஓட விட்டு, விளிம்பில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில்: உதைக்குப் பின்வாங்கி அடி, பின்நடைக்குக் குனிந்த அடி அல்லது ரஷ், குதிப்புக்கு லாரியட். எஸ்பிடியை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே வேண்டாம். பத்துக்கு ஏழு சரியாக வரும்வரை இதே. அதன் பிறகு நான்காவது பதிவாக, அசையாமல் குனிந்து தடுக்கும் ரியூவைச் சேர்த்துவிட்டு, அவருக்கு மட்டும் வட்டத்தைச் சுற்றுங்கள்.